சாஃப்ட்னர் போட்டும் டிடிஎஸ் குறையவில்லையே, ஏன்?

கேள்வி: கடின நீருக்காக வீட்டில் சாஃப்ட்னர் பொருத்தினோம். டிடிஎஸ் மீட்டரில் முன்பு இருந்த அளவுதான் இப்போதும் காட்டுகிறது. ஏமாந்துவிட்டோமா?

மீட்டரை மட்டும் வைத்து அப்படி முடிவு கட்டாதீர்கள். தண்ணீரில் கரைந்திருக்கும் எல்லா உப்புக்கும் சேர்த்துத்தான் அது ஓர் எண்ணைக் காட்டும். சோப்பு நுரைக்காமல் போவதற்கும் கீசரில் வெள்ளையாகப் படிவதற்கும் காரணம் கால்சியமும் மக்னீசியமும்தான். சாஃப்ட்னரில் உள்ள ரெசின் மணிகள் இவை இரண்டையும் பிடித்துக்கொண்டு பதிலுக்குச் சோடியத்தை விடும். ஒரு கால்சியம் அயனிக்கு இரண்டு சோடியம் என்பதால், டிடிஎஸ் துளி ஏறினாலும் ஆச்சரியமில்லை. டிடிஎஸ் குறைய வேண்டுமென்றால் அதற்கு ஆர்ஓ.

சாஃப்ட்னர் வேலை செய்கிறதா என்று பார்க்க, கடினத்தன்மையைச் சோதிக்கும் கிட் வாங்குங்கள். அதில் வரும் நிறங்காட்டியைக் குழாய்த் தண்ணீரில் போட்டால் ஒயின் சிவப்பாக மாறும். அப்புறம் இன்னொரு குப்பியிலிருந்து சொட்டுச் சொட்டாக விட்டுக் குலுக்கிக்கொண்டே வந்தால், ஏதோ ஒரு சொட்டில் சட்டென்று நீலமாகிவிடும். எத்தனை சொட்டு என்பதே கணக்கு. சாஃப்ட்னர் ஒழுங்காக ஓடினால் ஒரு சொட்டுகூடத் தேவைப்படாது, எடுத்த எடுப்பிலேயே நீலம்தான். மீட்டரைவிட நான் நம்புவது இதைத்தான்.

சிவப்பு வந்தால் பெரும்பாலும் ரெசின் நிரம்பியிருக்கும். உப்புக் கரைசல் விட்டு அதைக் கழுவ வேண்டும். எத்தனை நாளுக்கு ஒருமுறை என்று நீங்களே கணக்குப் போடலாம். உங்கள் தண்ணீரின் கடினத்தன்மை லிட்டருக்கு 300 மில்லிகிராம், தினமும் 500 லிட்டர் செலவு என்றால், ஒரு நாளைக்கு 150 கிராம். ஒரு லிட்டர் ரெசின் ஏறத்தாழ 50 கிராம் வரை பிடிக்கும். ஆக 25 லிட்டர் ரெசின் எட்டு நாள் தாங்கும். விற்பவர்கள் 'மாதம் ஒரு தடவை போதும்' என்று பொத்தாம்பொதுவாகச் சொல்வதைக் காதில் வாங்காதீர்கள். தண்ணீரில் இரும்பு அதிகமென்றால் ரெசின் மேல் அது படிந்து இன்னும் சீக்கிரம் மக்கராகும்.

குடிக்கவும் செடிக்கு ஊற்றவும் சாஃப்ட்னருக்கு முன்னாலேயே தனிக் குழாய் பிரித்துக்கொள்ளுங்கள். சோடியம் கூடிய தண்ணீர் செடிக்கு ஆகாது. உப்பைக் குறைக்கச் சொல்லப்பட்டவர்களுக்கும் ஆகாது.

படிகாரம் கலங்கலைத்தான் தெளிய வைக்கும், கடினத்தன்மையைத் தொடாது. குழாயில் மாட்டும் காந்தத்துக்கு நான் காசு செலவழிக்க மாட்டேன்.

ஷவரில் ஏற்கெனவே படிந்த கறை சாஃப்ட்னர் வந்ததால் உடனே போகாது. கழற்றி, சிட்ரிக் அமிலம் கரைத்த வெந்நீரில் ஊறப்போட்டுத் தேய்த்தால் உதிரும். பளிங்குத் தரையில் மட்டும் அதைச் சிந்திவிடாதீர்கள், அரித்துவிடும். பிளீச்சிங் பவுடரோடு எக்காரணம் கொண்டும் கலக்கக் கூடாது. குளோரின் வாயு கிளம்பும்.