முட்டி வலியோடு அக்ரோபோலிஸ் போகலாமா?

கிரீஸ் டூரில், முட்டி வலி உள்ள உங்கள் அம்மாவால் ஏதென்ஸின் அக்ரோபோலிஸ் குன்றுக்கு மேலே போக முடியாது என்று டூர் ஏஜெண்டு சொன்னதாக எழுதியிருந்தீர்கள். அம்மாவால் மேலே போக முடியும். அக்ரோபோலிஸின் வடக்குச் சரிவில் லிஃப்ட் இருக்கிறது. 2020 டிசம்பரில் புதிதாகப் போட்டது. மேலே பார்த்தெனான் என்ற பழைய கோயில் வரை சிமெண்ட் பாதையும் உண்டு.

ஏஜெண்டு "முடியாது" என்றதற்குக் காரணம், குழுக்கள் வழக்கமாக மேற்கு வாசல் படிகளில் ஏறுவதாக இருக்கலாம். அங்கே பளிங்குக் கற்கள் தேய்ந்து வழுக்கும், முட்டிக்கு ஆகாது. லிஃப்ட் எல்லாருக்குமானதில்லை, நடக்கச் சிரமப்படுபவர்களுக்கு மட்டும். அதனால் முன்கூட்டியே சொல்லி ஏற்பாடு செய்ய முடியுமா என்று ஏஜெண்டிடம் மெயிலில் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்குங்கள். டாக்டர் கடிதமும் கையில் இருக்கட்டும்.

பலத்த காற்றடித்தால் லிஃப்டை நிறுத்திவிடுவார்கள். அன்றைக்கு அக்ரோபோலிஸ் மியூசியம் இருக்கிறது, உள்ளேயே லிஃப்ட் உண்டு.

அப்புறம், எனக்கு அதிகக் கவலை மலைச்சரிவில் இருக்கும் பழைய கோயில் தலமான டெல்ஃபிதான். அப்பல்லோ கோயிலுக்கே ஏற்றம், அதற்கும் மேலே தியேட்டர். அம்மா கீழே மியூசியத்தில் வெண்கலத் தேரோட்டி சிலையை நிதானமாகப் பார்க்கட்டும். கண்ணிமை மயிர்கூட அப்படியே இருக்கும்.

எபிடாரஸின் பழைய திறந்தவெளி அரங்கில் படி ஏறவே வேண்டாம். கீழ்வரிசையில் உட்கார்ந்தாலே அரங்கம் முழுக்கத் தெரியும்.