வந்து சேராத இரண்டு பெட்டிகள்

கேள்வி: ஐயா, வணக்கம். கணவர் பணி ஓய்வு பெற்றதும் பெங்களூரு வீட்டைக் காலி செய்துவிட்டு, கோபிசெட்டிபாளையம் பக்கத்தில் இருக்கும் எங்கள் ஊருக்கே கடந்த ஏப்ரலில் திரும்பி வந்தோம். வீட்டுச் சாமான்களை ஏற்றி வர ஒரு பேக்கர்ஸ் அண்டு மூவர்ஸ் நிறுவனத்தை அமர்த்தினோம். ஏப்ரல் 12 அன்று 38 பெட்டிகளுக்கு அவர்களே எண் போட்டு, பட்டியல் எழுதிக் கொடுத்தார்கள். 14ஆம் தேதி, சித்திரை முதல் நாள், இரவு எட்டு மணிக்கு மேல் வண்டி வந்தது. கோவைக்கு இன்னொரு லோடு இருக்கிறது என்று ஓட்டுநர் அவசரப்படுத்தியதால், ஆசாரத்தில் அடுக்கிய பெட்டிகளை எண்ணாமலேயே கணவர் கையெழுத்துப் போட்டுவிட்டார். மறுநாள் காலையில் எண்ணிப் பார்த்தால் 17, 23 ஆகிய இரண்டு பெட்டிகளும் இல்லை. ஒன்றில் என் அம்மாயி சீராகக் கொடுத்த பித்தளைத் தூக்குப்போசி, வெண்கல வட்டில்கள், குத்துவிளக்குகள். மற்றதில் பட்டுப் புடவைகள். அன்றைக்கே வாட்ஸ்அப்பில் தெரிவித்தோம். “சேலம் குடோன்ல வண்டி மாத்துனாங்க, அங்க நின்னிருக்கும்” என்று ஓட்டுநரும் பதில் அனுப்பினார். மூன்று மாதம் அலைக்கழித்துவிட்டு, நல்ல நிலையில் பெற்றுக்கொண்டதாகக் கையெழுத்து இருக்கிறது, 24 மணி நேரத்துக்குள் மின்னஞ்சலில் புகார் வரவில்லை, சரக்கு உரிமையாளரின் பொறுப்பில்தான் வந்தது, வழக்கு என்றால் பெங்களூருவில்தான் என்று இப்போது கடிதம் அனுப்பியிருக்கிறார்கள். வாடகை 28,000 ரூபாய். அது போக, மூன்று லட்சம் மதிப்புக்குக் காப்பீடு என்று 3 சதவீதம், 9,000 ரூபாய் வாங்கினார்கள். ஆனால் சரக்கை ஏற்றியதற்கு அவர்கள் கொடுத்த எல்.ஆர். (லாரி) ரசீதில் சரக்கின் மதிப்பு 50,000 என்றிருக்கிறது. எங்களுக்கு வழி உண்டா?
வாசகி, கோபிசெட்டிபாளையம்

பதில்: அன்புச் சகோதரிக்கு, வழி உண்டு. ஆனால் முதலில் நாள்காட்டியைப் பாருங்கள். சாலைவழிச் சரக்குப் போக்குவரத்துச் சட்டம், 2007இன் 16ஆம் பிரிவின்படி, சரக்கைப் பதிவு செய்த நாளிலிருந்து 180 நாட்களுக்குள் இழப்பைப் பற்றி எழுத்து மூலமாக அறிவிப்புக் கொடுத்திருந்தால்தான் பிறகு வழக்குத் தொடர முடியும். பெட்டிகள் வந்து சேர்ந்த நாளிலிருந்தோ, நிறுவனம் கைவிரித்த நாளிலிருந்தோ இந்தக் கணக்கு தொடங்குவதில்லை. ஏப்ரல் 12 என்று வைத்துக்கொண்டால் அக்டோபர் 9 அன்று கெடு முடிகிறது. முன்பணம் கொடுத்த நாளையே பதிவு நாள் என்று அவர்கள் வாதிடவும் கூடும் என்பதால், கடைசி வாரம் வரை காத்திராமல் இப்போதே அனுப்பிவிடுங்கள். ‘பார்க்கிறோம், விசாரிக்கிறோம்’ என்ற பதில்களை நம்பி இந்தக் கெடுவைத் தவறவிட்டவர்களை நான் பார்த்திருக்கிறேன். உங்களுக்கு அது நேரக் கூடாது.

அவர்கள் சொல்லும் காரணங்களில் கனமானது உங்கள் கணவரின் கையெழுத்துதான். அதை நாம் குறைத்து மதிப்பிட வேண்டாம். ஆனால் கையெழுத்து என்பது ஒரு சான்று மட்டுமே, அதற்கு எதிர்ச்சான்று காட்டலாம். அவர் கையெழுத்திட்ட தாளின் நகலைக் கேட்டு வாங்கி, பெற்றுக்கொண்ட உருப்படிகளின் எண்ணிக்கைக்கான கட்டத்தில் 38 என்று எழுதப்பட்டிருக்கிறதா, அது வெறுமையாக இருக்கிறதா என்று பாருங்கள். வெறுமையாக இருந்தால், ‘நல்ல நிலையில் பெற்றுக்கொண்டேன்’ என்ற அச்சிட்ட வரி வந்த பெட்டிகளைப் பற்றித்தான் பேசுகிறதே தவிர, வராத பெட்டிகளைப் பற்றிப் பேசவில்லை என்று வாதிடலாம். அதைவிட வலுவானது, மறுநாளே நீங்கள் அனுப்பிய செய்தியும், சேலத்தில் வண்டி மாற்றியதை ஒப்புக்கொள்ளும் ஓட்டுநரின் பதிலும். அந்த உரையாடலைத் திரைப்பிடிப்பு எடுத்து அச்சிட்டுக்கொள்வதோடு நிற்காமல், அந்தக் கைப்பேசியையும் மாற்றாமல், எதையும் அழிக்காமல் வைத்திருங்கள். மின்னணுச் சான்றைத் தாக்கல் செய்யும்போது, 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள புதிய சாட்சியச் சட்டத்தின் 63ஆம் பிரிவின்படி சான்றிதழ் இணைக்க வேண்டியிருக்கும்.

பெட்டி எங்கே, யாருடைய கவனக்குறைவால் தொலைந்தது என்பதை நீங்கள் நிரூபிக்க வேண்டியதில்லை. சரக்கு வந்து சேராவிட்டால், அலட்சியம் இருந்தது என்று வழக்குத் தொடுப்பவர் நிரூபிக்கத் தேவையில்லை என்று 2007ஆம் ஆண்டுச் சட்டமே சொல்கிறது. ‘உரிமையாளரின் பொறுப்பில்’ என்ற வாசகம், கவனக்குறைவால் நேர்ந்த இழப்பிலிருந்து போக்குவரத்து நிறுவனத்தைக் காப்பாற்றாது என்று உச்ச நீதிமன்றமும் 2000ஆம் ஆண்டிலேயே தீர்ப்பளித்திருக்கிறது. 24 மணி நேர நிபந்தனையும் அப்படித்தான். குறித்த காலம் கடந்ததும் ஒருவருடைய உரிமையே அற்றுப்போகும் என்று எழுதிக்கொள்ளும் நிபந்தனை, இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 28ஆம் பிரிவின்படி செல்லாது.

இனித் தொகைக்கு வருவோம். உண்மையான சண்டை இங்கேதான் இருக்கிறது. 2007ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் வந்த 2011ஆம் ஆண்டு விதிகளின்படி நிறுவனத்தின் பொறுப்பு வாடகையைப் போல் பத்து மடங்கு வரை. உங்கள் கணக்கில் அது 2,80,000 ரூபாய். ஆனால் அந்தத் தொகை, சரக்கை அனுப்புபவர் எழுதிக் கொடுக்கும் அனுப்புகைக் குறிப்பில் (goods forwarding note) அறிவித்த மதிப்பைத் தாண்டக் கூடாது. ஆகவே ‘எங்கள் பொறுப்பு 50,000தான்’ என்ற வாதம் நாளைக்கு வரும். அந்த எண் யாருடைய கையெழுத்தில் இருக்கிறது, அனுப்புகைக் குறிப்பு என்று ஒன்றில் உங்களிடம் கையொப்பம் வாங்கினார்களா, அல்லது அவர்களே ரசீதில் எழுதிக்கொண்டார்களா என்பதை உறுதி செய்துகொள்ளுங்கள். பிறகு அவர்களுடைய பில்லை அந்த ரசீதுக்குப் பக்கத்தில் வையுங்கள். 3 சதவீதம் 9,000 ரூபாய் என்றால் அது மூன்று லட்சத்துக்குக் கணக்கிட்ட கட்டணம். 50,000 மதிப்புள்ள சரக்குக்கு 1,500 ரூபாய்க்கு மேல் வாங்கியிருக்க முடியாது. மூன்று லட்சத்துக்குப் பணம் வாங்கிய கையாலேயே 50,000 என்று எழுதியவர்கள், எது உண்மை என்று நுகர்வோர் ஆணையத்தின் முன்னால் சொல்லட்டும்.

அந்த 9,000 ரூபாய் உண்மையில் எதற்கு என்பதையும் எழுத்தில் கேளுங்கள். காப்பீட்டுக்கு என்றால், காப்பீட்டு நிறுவனத்தின் பெயரையும் பாலிசி எண்ணையும் தர வேண்டும். சாமான் ஏற்றும் நிறுவனம் தானே காப்பீடு வழங்க முடியாது. பாலிசி உண்மையாகவே இருந்தால் காப்பீட்டு நிறுவனத்திடமும் உடனே உரிமை கோருங்கள். அங்கே மறுத்தாலோ, ஒரு மாதமாகியும் பதில் இல்லாவிட்டாலோ சென்னையிலுள்ள காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் செல்லலாம். பாலிசியே எடுக்கவில்லை என்றால், கூடுதல் பொறுப்பை ஏற்பதற்காகவே அந்தத் தொகையை வாங்கினார்கள் என்று வாதிடுங்கள். கூடுதல் கட்டணம் கொடுத்து அனுப்பிய சரக்குக்குப் பத்து மடங்கு வரம்பு பொருந்தாது. இரண்டுமில்லை என்றால், தராத சேவைக்குப் பணம் வாங்கியிருக்கிறார்கள் என்றாகிறது, அதுவே தனிக் குறை.

அறிவிப்பை ஒப்புகையுடன் கூடிய விரைவுத் தபாலில், நிறுவனத்தின் தலைமை அலுவலகம், கிளை இரண்டுக்கும் அனுப்பி, மின்னஞ்சலிலும் அனுப்புங்கள். பெரிய நிறுவனங்களின் சாயலில் பெயர் வைத்துக்கொள்பவர்கள் இந்தத் தொழிலில் அதிகம். பில்லிலுள்ள ஜி.எஸ்.டி. எண்ணை ஜி.எஸ்.டி. இணையதளத்தில் இட்டுப் பார்த்தால் சட்டப்படியான பெயர் தெரியும். அந்தப் பெயருக்கே எழுதுங்கள். 15 நாள் அவகாசம் கொடுங்கள். பதில் இல்லாவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் பதிவு செய்யலாம். அது பலருக்குப் பேச்சிலேயே முடித்துக் கொடுத்திருக்கிறது, ஆனால் அதற்குத் தீர்ப்பளிக்கும் அதிகாரம் கிடையாது.

தீர்ப்பு வேண்டுமென்றால் உங்கள் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம்தான். 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி நீங்கள் குடியிருக்கும் இடத்திலேயே புகார் கொடுக்கலாம் என்பதால், பெங்களூரு நிபந்தனையைக் கண்டு கலங்க வேண்டாம். கெடு இரண்டு ஆண்டு. கொடுத்த கட்டணம் ஐந்து லட்சத்துக்குள் இருப்பதால் புகாருக்குக் கட்டணம் இல்லை. வழக்கறிஞர் கட்டாயமில்லை. நுகர்வோர் புகார்களுக்கான இ-ஜாக்ரிதி இணையதளத்தில் வீட்டிலிருந்தே தாக்கல் செய்யலாம். திருட்டுச் சந்தேகம் இருந்தால் காவல் நிலையத்தில் மனுக் கொடுத்து மனுவைப் பெற்றதற்கான சி.எஸ்.ஆர். ரசீது வாங்கிக்கொள்ளுங்கள், பொருளைத் தேட அது உதவும், இழப்பீட்டுக்கு ஆணையத்தைத்தான் நம்ப வேண்டும்.

பழைய பாத்திரத்துக்கு ஏது பில் என்று தயங்க வேண்டாம். விசேஷங்களில் எடுத்த புகைப்படங்களில் அந்தக் குத்துவிளக்கும் போசியும் நிச்சயம் எங்காவது இருக்கும். அதே அளவுப் பாத்திரத்தின் எடையையும் இன்றைய விலையையும் ஒரு பாத்திரக் கடையில் எழுதி வாங்குங்கள். நம் பக்கத்தில் சீர்ப் பாத்திரங்களில் பெயர் வெட்டித் தருவது வழக்கம். உங்கள் அம்மாயி கொடுத்ததிலும் பெயரோ முதலெழுத்தோ வெட்டியிருந்தால், எந்தப் பாத்திரத்தில் எந்த இடத்தில் என்று அப்படியே குறிப்பிடுங்கள்.

ஏனென்றால், அறிவிப்பின் முதல் கோரிக்கையாகப் பணத்தை எழுத வேண்டாம் என்பதே என் கருத்து. 17, 23 எண் பெட்டிகளைத் தேடித் தர வேண்டும், ஏப்ரல் 12 முதல் 14 வரையிலான சேலம் குடோனின் வரவு, அனுப்புகைப் பதிவேட்டையும் இரண்டு லாரிகளின் டிரிப் ஷீட்டையும் காட்ட வேண்டும், உங்கள் கணவர் நேரில் வந்து குடோனைப் பார்க்க நாள் குறித்துத் தர வேண்டும் என்று முதலில் கேளுங்கள். இழப்பீட்டுத் தொகையை அதற்கு அடுத்த பத்தியில் எழுதுங்கள்.