ஈயக்குண்டும் உள்ளங்கையும்: இயற்பியல் டீச்சர் பதில்கள்

கேள்வி: ‘ஆற்றலை ஆக்கவும் முடியாது, அழிக்கவும் முடியாது’ என்று மனப்பாடம் செய்யச் சொல்கிறார்கள். அதே பள்ளிச் சுவரில் ‘ஆற்றலைச் சேமிப்போம்’ என்று எழுதியிருக்கிறது. அழியாததை எதற்குச் சேமிக்க வேண்டும்? (பத்தாம் வகுப்பு மாணவி)

பதில்: முப்பத்தொரு வருஷம் இயற்பியல் நடத்தினேன். இதை வகுப்பில் வாய்விட்டுக் கேட்டவர்கள் ஐந்தாறு பேர் இருந்தால் அதிகம். மற்றவர்கள் இரண்டையும் எழுதி, இரண்டுக்கும் மதிப்பெண் வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள்.

ஒரு சோதனை சொல்கிறேன். ஒரு மீட்டர் நீளத்தில் கெட்டி அட்டைக் குழாய். இரண்டு முனையிலும் தக்கை. உள்ளே அரைக் கிலோ ஈயக்குண்டுகள். முதலில் குண்டுகளின் வெப்பநிலையைக் குறித்துக்கொள். பிறகு குழாயைச் செங்குத்தாகப் பிடித்து, சட்டென்று தலைகீழாகத் திருப்பு. சடசடவென்று விழும். இப்படி 50 தடவை. ஒரு கிலோ ஈயம் ஒரு மீட்டர் விழுந்தால் 9.8 ஜூல், 50 தடவைக்கு 490. ஒரு கிலோ ஈயத்தை ஒரு டிகிரி சூடாக்க 130 ஜூல் போதும். வகுத்துப் பார், 3.8 டிகிரி வருகிறது. நீ போட்டது அரைக் கிலோவா, கால் கிலோவா என்பது இந்தக் கணக்கில் அடிபட்டுப் போகும்.

செய்து பார்த்தால் பிள்ளைகளுக்கு மூன்று வரும், இரண்டரை வரும். மீதி, குழாயையும் தக்கையையும் காற்றையும் சூடாக்கப் போயிருக்கும். ஒரு வருஷம் ஒரு பெண் ஐந்து டிகிரி என்று எழுதிக்கொண்டு வந்தாள். பக்கத்து மேசையில் ஒரே சிரிப்பு. மறுபடி செய்யச் சொல்லிவிட்டுக் கிட்டே நின்று பார்த்தேன். குழாயின் அடிமுனையை உள்ளங்கையால் பொத்திப் பிடித்திருந்தாள். குண்டுகள் விழுந்து கிடக்கிற இடமே அதுதான்! 50 தடவையும் அவள் கைச்சூடு உள்ளே இறங்கிக்கொண்டே இருந்திருக்கிறது. துணி சுற்றிப் பிடிக்கச் சொன்னேன். மூன்றுக்குக் கொஞ்சம் மேலே வந்தது. அந்த ஐந்தை அடிக்காமல், பக்கத்திலேயே காரணத்தை எழுதச் சொன்னேன். கச்சிதமாக 3.8 என்று எழுதியிருந்த இரண்டு பேரைக் கூப்பிட்டு வெப்பமானியைக் காட்டச் சொன்னேன். ஒரு டிகிரிக்கு ஒரு கோடு போட்ட வெப்பமானி அது.

உன் கேள்விக்கு வருகிறேன். குண்டுகளைத் தூக்கிவிட்ட ஆற்றல் முழுவதும் இன்னும் இருக்கிறது: ஈயத்தில், அட்டையில், அறைக் காற்றில். ஆனால் சூடான குண்டுகள் தாமாகக் குளிர்ந்து, குழாயின் மேல்முனைக்குத் துள்ளி ஏறியதை யாராவது பார்த்திருக்கிறார்களா? ஆற்றல் கணக்கைப் பொறுத்தவரை அதில் ஒரு தப்பும் இல்லை. ஆனாலும் நடக்காது. ஆளுக்கொரு திசையில் அதிர்ந்துகொண்டிருக்கிற கோடானுகோடி அணுக்கள் ஒரே நொடியில் மேல்நோக்கித் திரும்பினால்தான் உண்டு. குவிந்து கிடக்கிற ஆற்றலைச் சிதறவிடாதீர்கள் என்பதைத்தான் சுவரில் எழுதியவர் ‘சேமிப்போம்’ என்று சுருக்கிவிட்டார். சுவரில் இடமில்லை போல.

கேள்வி: ஆற்றல் சேமிப்புகளைப் பட்டியலிடச் சொன்னதற்கு என் மகன் ‘மின்னாற்றல், ஒளியாற்றல்’ என்றும் எழுதினான். இரண்டையும் அடித்துவிட்டார்கள். நாங்கள் படித்த காலத்தில் இது சரியான விடைதானே?

பதில்: நாம் படித்தது ‘ஆற்றலின் வடிவங்கள்’. அந்தத் தலைப்புக்கு உங்கள் மகன் எழுதியது சரி. இப்போது சில பாடத்திட்டங்களில் சேமிப்பு வேறு, மாற்றும் வழி வேறு என்று பிரிக்கிறார்கள். தொட்டியும் குழாயும் மாதிரி. பேட்டரியில் இருப்பது வேதிச் சேமிப்பு. இழுத்த ரப்பர் பேண்டில் இருப்பது மீட்சிச் சேமிப்பு. சுழலும் சக்கரத்தில் இயக்கச் சேமிப்பு. மின்னோட்டமும் ஒளியும் ஒரு தொட்டியிலிருந்து இன்னொன்றுக்குக் கொண்டுபோகிற குழாய்கள். எனக்கு இந்த முறை பிடித்திருக்கிறது. ‘மின்னாற்றல் ஒளியாற்றலாக மாறுகிறது’ என்று ஒரு வரி எழுதிவிட்டுப் பேனாவை மூடிவைக்க முடியாது. எங்கே தொடங்கி எங்கே போய்ச் சேர்ந்தது என்று கேட்டுக்கொண்டே போக வேண்டும். ஒன்றை மட்டும் மகனுக்குச் சொல்லுங்கள்: மேலே தூக்கிய கல்லின் நிலையாற்றல் கல்லுக்குள் ஒளிந்திருக்கவில்லை. கல்லும் பூமியும் சேர்ந்த ஜோடிக்குத்தான் அது சொந்தம். தொட்டி உவமை அந்த இடத்தில் கொஞ்சம் ஒழுகும்.

கேள்வி: திறன் அதிகமுள்ள மோட்டாருக்குப் பயனுறுதிறனும் அதிகமாக இருக்குமா?

பதில்: இரண்டுக்கும் சம்பந்தமில்லை. திறன் என்பது வினாடிக்கு எத்தனை ஜூல் என்பது, அலகு வாட். பயனுறுதிறன், கொடுத்ததில் எத்தனை பங்கு உருப்படியாக வந்தது என்பது. அதற்கு அலகே கிடையாது. அலகு போட்டவர்களுக்கு அரை மதிப்பெண் குறைத்திருக்கிறேன், பாவம். குற்றம் சொல்லுக்குத்தான். திறனை வலு என்றும், பயனுறுதிறனை வினைத்திறன் என்றும் எழுதுகிற பாடநூல்களும் தமிழில் உண்டு. அதைப் படிக்கிற பிள்ளைகளுக்கு இந்தத் தலைவலி குறைவு.

கேள்வி: அருவியின் அடியில் தண்ணீர் சூடாக இருக்க வேண்டுமே?

பதில்: இருக்க வேண்டும், ஆனால் கை வைத்தால் தெரியாது. ஒரு கிலோ தண்ணீரை ஒரு டிகிரி சூடாக்க ஏறக்குறைய 4,200 ஜூல் வேண்டும். அதே தண்ணீரை 427 மீட்டர் உயரம் தூக்குவதற்கு ஆகிற ஆற்றல் அது. ஆக 100 மீட்டர் அருவிக்குக் கால் டிகிரிகூட முழுதாக வராது. சாரல் ஆவியாகும்போது அதையும் குளிர்த்துவிடும். 1840-களில் ஜேம்ஸ் ஜூல் அருவியை நம்பாமல், எடைகளைக் கீழே இறங்கவிட்டு, அவை சுற்றுகிற துடுப்புச் சக்கரத்தால் பாத்திரத்துத் தண்ணீரைக் கலக்கித்தான் இந்தக் கணக்கைப் பிடித்தார். ஈயக்குண்டுச் சோதனையை நான் முதலில் சொன்னதற்கும் இதுதான் காரணம்: ஈயம் சீக்கிரம் சூடேறும்.

கேள்வி: ஒரு வெப்ப பம்ப் விளம்பரத்தில் ‘300 விழுக்காடு பயனுறுதிறன்’ என்று பார்த்தேன். நூற்றுக்கு மேல் எப்படி?

பதில்: அது வெப்பத்தை உண்டாக்குகிற கருவி அல்ல, தூக்கி வந்து போடுகிற கருவி. மின்சாரத்திலிருந்து ஒரு பங்கு, வெளிக்காற்றிலிருந்து இரண்டு பங்கு, அறைக்குள் மூன்று பங்கு. கணக்கு நேர். நாம் கொடுத்த ஒன்றால் மட்டும் வகுப்பதால் 300 வருகிறது. அதை விழுக்காட்டில் சொல்லவே கூடாது என்பது என் கட்சி.

‘பயன்’ எது என்பதும் நம் கையில்தான் இருக்கிறது. பழைய குண்டு பல்பு வாங்கிக்கொள்வதில் நூற்றுக்கு ஐந்து பங்குகூட வெளிச்சமாக வருவதில்லை. அதனால் அதைத் திட்டுகிறோம். குளிரில் நடுங்குகிற கோழிக்குஞ்சுப் பெட்டியில் அதே பல்பை மாட்டுங்கள், கிட்டத்தட்ட அத்தனையும் பயன்தான்.

கேள்வி: காந்தங்களை மட்டும் வைத்து நிற்காமல் சுற்றுகிற சக்கரத்தை வீடியோவில் பார்த்தேன். நீங்கள் நம்புவீர்களா?

பதில்: நிரந்தர இயக்க எந்திரம் பற்றி யார் எழுதினாலும் இனிப் பரிசீலிப்பதில்லை என்று பாரிஸ் அறிவியல் கழகம் 1775-லேயே கதவைச் சாத்திவிட்டது. நான் அவ்வளவு கறார் இல்லை. மேசைக்கு அடியையும் காட்டுகிற வீடியோ இருந்தால் அனுப்பிவையுங்கள், பார்க்கிறேன்.