வெளியே மூன்று ஆம்புலன்ஸ், உள்ளே ஒரு படுக்கை

கேள்வி: அரசு மருத்துவமனையில் ஸ்டாஃப் நர்ஸ் நான். 2021 மே மாதம் கோவிட் வார்டில் இருந்தேன். வெளியே மூன்று ஆம்புலன்ஸ் நிற்கும். உள்ளே ஒரு ஆக்சிஜன் படுக்கைதான் காலியாகும். ஓர் இரவு, உள்ளே வந்த பெரியவருக்கு மாஸ்க் மாட்டிக்கொண்டே, வெளியே மூச்சுத் திணறிக்கொண்டிருந்த பெண்ணை நினைத்துக்கொண்டிருந்தேன். அந்தப் பெண் பிழைக்கவில்லை. இன்றும் மானிட்டர் அலறினால் கை நடுங்குகிறது. தூக்கம் இல்லை. ஆசைப்பட்டுப் படித்த படிப்பு. இப்போது டூட்டிக்குக் கிளம்பவே கசக்கிறது. நோயாளிகளிடம் எரிந்து விழுகிறேன். "கொரோனாதான் முடிஞ்சுபோச்சே" என்கிறார் கணவர். நான் இந்த வேலைக்கு லாயக்கில்லையா?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: அன்புள்ள சிஸ்டர், முன்பின் தெரியாத அந்தப் பெண்ணை இத்தனை வருடம் கழித்தும் நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள். லாயக்கு பற்றிய கேள்வியை இதோடு விட்டுவிடுங்கள்.

எரிந்து விழுவது, கசப்பு – இவை பணிச்சோர்வு. உலக சுகாதார நிறுவனம் இதை நோய்க் கணக்கில் சேர்க்கவில்லை; வேலையிடத்து அழுத்தம் சரிசெய்யப்படாமல் நாள்பட்டுக் கிடப்பதால் வருவது என்கிறது. அப்படியென்றால் வைத்தியம் டூட்டி சார்ட்டுக்கும் வேண்டும்.

அதற்கு அடியில் இன்னொரு காயம் இருக்கிறது. வியட்நாம் போர் வீரர்களுக்குச் சிகிச்சை தந்த அமெரிக்க மனநல மருத்துவர் ஜோனதன் ஷே அதைப் பற்றி எழுதினார்: உயிர் போகும் நேரத்தில், அதிகாரத்தில் இருப்பவர்கள் நியாயத்தைக் கைவிட்டால், களத்தில் நிற்பவர் மனத்தில் விழும் காயம். 2020 மார்ச் 22 அன்று நாடே உங்களுக்குக் கைதட்டியது. அடுத்த மாதமே சென்னையில், கோவிட்டால் இறந்த மருத்துவரை அடக்கம் செய்யவிடாமல் கல்லெறிந்தார்கள். பெருந்தொற்றுக்கென்று ஒப்பந்தத்தில் எடுத்த செவிலியர்களை 2022 டிசம்பர் 31 உடன் போகச் சொன்னார்கள். கோபம் வரத்தான் செய்யும். அந்தக் கோபத்தை நீங்கள் உங்கள் மேலேயே திருப்பிக்கொண்டீர்கள். மிச்சம் நோயாளி மேல் விழுகிறது. படுக்கை போதாமல் போனதற்கு, அன்றிரவு டூட்டியில் இருந்த நர்ஸ் எப்படிப் பொறுப்பாவார்?

கை நடுக்கத்துக்கும் தூக்கமின்மைக்கும் மனநல மருத்துவரைப் பாருங்கள். சொந்த மருத்துவமனையில் ஓ.பி. சீட்டு போடக் கூச்சமாக இருந்தால், அரசின் தொலைபேசி மனநல உதவியான டெலி மானஸ் இருக்கிறது, எண் 14416. இலவசம், இரவு பகல் எந்நேரமும் தமிழில் பேசலாம். செத்துவிடலாம் என்ற எண்ணம் தலைகாட்டினால், விடியட்டும் என்று காத்திருக்காமல் அப்போதே கூப்பிடுங்கள்.

கணவரிடம் 'கொரோனா' என்று பொதுவாகப் பேச வேண்டாம். அந்த ஓர் இரவை மட்டும், ஆம்புலன்ஸ் கதவு திறந்ததிலிருந்து சொல்லுங்கள். அன்று உங்களோடு டூட்டி பார்த்தவர் யாராவது இருந்தால் அவரிடமும் பேசுங்கள். அவரும் தூங்காமல்தான் இருக்கிறாரோ என்னவோ.

நர்சிங் கண்காணிப்பாளரிடம், ஆறு மாதத்துக்கு மானிட்டர் சத்தம் இல்லாத பிரிவு ஏதாவது கேளுங்கள், தடுப்பூசிப் பிரிவானாலும் சரி. வாயால் கேட்டால் மறந்துவிடுவார்கள். எழுதிக் கொடுத்து, நகலில் கையெழுத்து வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.