நான்கு மழை பார்த்த ஃபைபர் படகை வாங்கலாமா?

கேள்வி: நாகப்பட்டினம் பக்கம் எங்கள் ஊர். ஒன்பது ஆண்டுகள் வளைகுடாவில் வேலை பார்த்துவிட்டுத் திரும்பியிருக்கிறேன். அப்பா கடல் தொழில் செய்தவர். நான் சிறு வயதில் அவரோடு போனதோடு சரி. உறவினர் ஒருவர் தம்முடைய 28 அடி ஃபைபர் படகை, எஞ்சின் இல்லாமல், 70,000 ரூபாய்க்குத் தருகிறேன் என்கிறார். நான்கு ஆண்டுகளாகப் பனைமரத்தடியில் கவிழ்க்காமல் கிடக்கிறது. அடியில் தேய்ந்து நார் தெரிகிறது. விளிம்பில் இரண்டு இடத்தில் உடைசல். பின்பலகையில் எஞ்சின் மாட்டிய துளைகள் திறந்தே இருக்கின்றன. ஊர் மேஸ்திரி பழுதுபார்க்க 1,10,000 கேட்கிறார். புதுப் படகுக்கு 3,20,000 சொல்கிறார்கள். காணொளிகளைப் பார்த்தால் வேலை எளிதாகத்தான் தெரிகிறது. நானே 40,000 ரூபாய்க்குள் முடித்து, ஐப்பசிக்குள் கடலில் இறக்க முடியாதா?

பதில்: விளிம்பு உடைசலும் அடித்தேய்மானமும் என்னைக் கவலைப்பட வைக்கவில்லை. 'கவிழ்க்காமல் கிடக்கிறது', 'துளைகள் திறந்தே இருக்கின்றன' என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்களே, அவைதான் கவலை தருகின்றன.

ஃபைபர் படகு என்று சொல்கிறோமே தவிர அது முழுக்க ஃபைபர் அல்ல. பெரும்பாலான படகுகளில் எஞ்சினைத் தாங்கும் பின்பலகைக்குள் பிளைவுட் இருக்கும். எஞ்சின் மேடைக்கு அடியிலும் அடித்தளத்தில் நெடுக ஓடும் சட்டங்களுக்குள்ளும் மரம் இருக்கும். தளத்துக்குக் கீழே மிதப்புக்காக நுரையோ தெர்மோகோலோ அடைத்திருப்பார்கள். கண்ணாடி நார் மக்காது, உள்ளே இருக்கும் மரம் மக்கும். கடல் உப்பாவது பூஞ்சையைக் கொஞ்சம் தடுக்கும். மழைத்தண்ணீருக்கு அந்தக் குணம் கிடையாது. நான்கு வடகிழக்குப் பருவமழை முழுவதையும் அந்தப் படகு தொட்டிபோல் ஏந்தியிருக்கிறது. திறந்த துளை வழியாகத் தண்ணீர் பின்பலகைக்குள் இறங்கியிருந்தால், வெளியே பளபளக்கும் ஓட்டுக்குள் ஊறிய அட்டைதான் இருக்கும்.

ஆகவே பணம் கொடுப்பதற்கு முன் ஒரு நாள் காலையில் மரச்சுத்தியலோடு போங்கள். பின்பலகை முழுவதையும் ஒரு சாண் இடைவெளியில் தட்டிக்கொண்டே வாருங்கள். நல்ல இடம் 'டக் டக்' என்று கணீரெனக் கேட்கும். மரம் இற்ற இடமும் அடுக்கு விட்டுப்போன இடமும் பூசணிக்காயைத் தட்டியதுபோல் மொத்தென்று கேட்கும். பிறகு உறவினரிடம் சொல்லிவிட்டு, உள்பக்கமாக, ஆகக் கீழே இருக்கும் போல்ட் துளைக்கருகில் 5 மில்லிமீட்டர் துளை ஒன்று போடுங்கள். வெளிறிய உலர்ந்த தூள் வந்தால் நிம்மதி. கறுத்த, ஈரமான, நாற்றமடிக்கும் குழை வந்தால் உள்ளே பலகை இல்லை என்று பொருள். துளை போடக் கூடாது என்று அவர் தடுத்தாலும் உங்களுக்கு விடை கிடைத்துவிட்டது. சொந்தக்காரர் என்பதற்காகச் சோதிக்கக் கூச்சப்படாதீர்கள். பின்னால் வரும் மனக்கசப்பைவிட ஒரு துளை மேல்.

அடுத்து எடை. இதற்குத் தராசு வேண்டாம். இந்தப் படகை முன்பு கரையேற்றியவர்கள் ஊரில்தானே இருப்பார்கள்? எத்தனை பேர் தள்ளினோம் என்று கேளுங்கள். அன்றைக்கு எட்டுப் பேர் தள்ளிய படகு, தண்ணீரை இறைத்த பிறகும் இன்று பன்னிரண்டு பேருக்கு அசையவில்லை என்றால், நுரை தண்ணீரைக் குடித்திருக்கிறது. அதை மாற்றத் தளத்தையே அறுத்தெடுக்க வேண்டும்.

படகு கட்டிய ஆண்டையும் கேளுங்கள். 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு இந்தக் கரைக்கு ஏராளமான ஃபைபர் படகுகள் உதவியாக வந்தன. அவசரத்தில் செய்யப்பட்ட அவற்றில் தரக்குறைவானவையும் உண்டு. உடைந்த விளிம்பில் ஓட்டின் கனமும் அடுக்குகளும் கண்ணுக்கே தெரியும். நாரைப் பிணைத்து இறுகும் பிசினான ரெசின் ஊறாமல், வெள்ளையாக உலர்ந்து நிற்கும் நார் அங்கே தெரிந்தால், படகு பிறக்கும்போதே குறையோடு பிறந்தது. அதன் மேல் எத்தனை அடுக்கு ஒட்டினாலும் வீண்.

என் சொந்தக் கதையையும் சொல்லிவிடுகிறேன். ஒரு நண்பரும் நானும் சேர்ந்து 22 அடிப் படகு ஒன்றை மலிவாக வாங்கினோம். அடியைத் தேய்த்து, மேட் எனப்படும் கண்ணாடி நார் விரிப்பை ஒட்டி, நீலமும் வெள்ளையுமாகப் பெயிண்ட் அடித்து, கற்பூரம் கொளுத்தி இறக்கினோம். மூன்றாம் வாரம் அலையில் எஞ்சினை முறுக்கியபோது பின்பலகை மூச்சு வாங்குவதுபோல் உள்ளேயும் வெளியேயும் அசைந்தது. அழகுபடுத்தச் செலவழித்த பணமும் இரண்டு மாத உழைப்பும் பின்பலகையை அறுக்கும்போது தூளாகப் பறந்தன. அதற்கு மேஸ்திரி கேட்ட கூலி, படகின் விலையைவிடக் கொஞ்சம்தான் குறைவு.

இனி உங்கள் 40,000 ரூபாய்க்கு வருவோம். அடியில் ஏராவை, அதாவது நடுவில் நெடுக ஓடும் முதுகெலும்பை, ஒட்டி 7 மீட்டர் நீளம், 1 மீட்டர் அகலம் தேய்ந்திருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். சதுர மீட்டருக்கு 450 கிராம் எடையுள்ள மேட்டை இரண்டு அடுக்கு போட்டால் 6.3 கிலோ மேட் வேண்டும். மேட்டின் எடையைப்போல் ஏறத்தாழ இரண்டரை மடங்கு ரெசின் பிடிக்கும். அது 16 கிலோ. சேதாரத்துக்குச் சேர்த்து 20 கிலோ என்று வாங்குங்கள். இதுவரை உங்கள் கணக்கு தாங்கும். ஆனால் கிரைண்டர், வட்டுகள், ரோலர், அசிட்டோன், முகமூடி, கையுறை, படகுக்கேற்ற பிளைவுட், மேலே கட்டும் தார்ப்பாய் ஆகியவற்றை நீங்கள் கணக்கில் எடுத்ததாகத் தெரியவில்லை. தொழிலுக்குப் போகாத நாள்களின் வருமானத்தையும் எழுதுங்கள். கைப்பழக்கம் இல்லாதவருக்கு இது இரண்டு மாத வேலை.

என் முடிவு இது. பின்பலகையும் எஞ்சின் மேடையும் தட்டுச் சோதனையில் தேறினால் வாங்குங்கள், அடியையும் விளிம்பையும் நீங்களே செய்யுங்கள். பின்பலகை மட்டும் இற்றிருந்தால், அந்த வேலைக்கு மட்டும் மேஸ்திரியிடம் தனிக்கூலி பேசி, நீங்கள் அவருக்குக் கையாளாக நில்லுங்கள். அந்தச் செலவைப் படகின் விலையில் குறைக்கச் சொல்லுங்கள். அடிச்சட்டங்கள் படகின் ஓட்டிலிருந்து பிரிந்திருந்தால் இலவசமாகத் தந்தாலும் வேண்டாம். பழைய கட்டுமரம் அடுப்புக்காவது ஆகும். ஃபைபர் படகை எரித்தால் நச்சுப் புகை, புதைத்தால் மக்காது, எடைக்குப் போட்டாலும் யாரும் எடுப்பதில்லை.

நீங்களே செய்கிற பகுதியில் பலர் சறுக்குவது ஒட்டுவதில் அல்ல, அதற்கு முந்தைய வேலையில்தான். மீன் எண்ணெயும் எஞ்சின் எண்ணெயும் ஊறிய பரப்பை முதலில் சோப்பாலும் பிறகு அசிட்டோனாலும் துடைத்துவிட்டுத்தான் தேய்க்க வேண்டும். அப்படியே தேய்த்தால் எண்ணெயை நாமே உள்ளே திணிக்கிறோம். உப்புப் போக நல்ல தண்ணீரில் கழுவிப் பல நாள் காயவிடுங்கள். உடைசலை அளவாக வெட்டி ஒட்டுப்போட்டால் நிற்காது. ஓட்டின் கனத்தைப்போல் 12 மடங்கு தூரத்துக்குச் சரிவாகத் தேய்க்க வேண்டும். 6 மில்லிமீட்டர் ஓட்டுக்கு ஒவ்வொரு பக்கமும் 7 சென்டிமீட்டருக்கு மேல் வரும். கையகல ஓட்டைக்கு முறம் அகல ஒட்டு என்றால் உங்களுக்கே சிரிப்பு வரும், ஆனால் கணக்கு அதுதான்.

ரெசினை இறுக வைக்கும் கேட்டலிஸ்ட் ஒரு கிலோ ரெசினுக்கு 10 முதல் 20 கிராம் வரை. நம் வெயிலுக்குக் குறைந்த அளவே போதும். ஒரு தடவைக்கு அரைக் கிலோவுக்கு மேல் கலக்காதீர்கள், குவளையிலேயே சூடேறிப் புகையும். ஒரு எச்சரிக்கை: கேட்டலிஸ்டும் இறுகுவதை விரைவுபடுத்தும் கோபால்ட் எனப்படும் ஆக்ஸிலரேட்டரும் நேரடியாகச் சேர்ந்தால் வெடிக்கும். கோபால்ட் ஏற்கெனவே கலந்த ரெசினாகவே கேட்டு வாங்குங்கள். கேட்டலிஸ்ட் கண்ணில் தெறித்தால் பார்வையே போகலாம். கண்ணாடி அணியாமல் தொடாதீர்கள். தெறித்துவிட்டால் உடனே கால் மணி நேரமாவது தண்ணீரில் கழுவிக்கொண்டே இருந்து, பிறகு மருத்துவமனைக்கு ஓடுங்கள்.

ஐப்பசிக் கனவை மட்டும் கைவிடுங்கள். நீங்கள் ஒட்ட நினைக்கும் மாதங்களில்தான் உங்கள் ஊரில் மழை கொட்டும். ஈரமான பரப்பில் ரெசின் சரியாகப் பிடிக்காது. இப்போது படகைக் கவிழ்த்து, கீற்றுக் கொட்டகை போட்டுக் காயவிடுங்கள். தை பிறந்த பிறகு வேலையைத் தொடங்குங்கள்.

இத்தனைக்கும் முன்னால் தாள்கள். நவம்பர் 2008 மும்பைத் தாக்குதலில் பயங்கரவாதிகள் மீன்பிடிப் படகொன்றைக் கைப்பற்றி வந்ததிலிருந்து, கடலில் பதிவு எண்ணையும் ஆவணங்களையும் கேட்பது கடுமையாகிவிட்டது. பதிவுச் சான்றிதழ் உறவினர் பெயரில்தான் இருக்கிறதா, படகில் எழுதியிருக்கும் எண்ணும் அதுவும் ஒன்றா, அதன் மேல் கடன் நிலுவை உண்டா என்று பாருங்கள். மீன்வளத் துறை அலுவலகத்தில் பெயர் மாற்றம் நடக்கும் என்று உறுதியான பிறகு முழுப்பணம் கொடுங்கள். அதுவரை முன்பணத்தோடு நிறுத்துங்கள். பதிவில்லாத படகுக்கு மானிய எரிபொருளும் கிடைக்காது.

கேள்வி: படகு வேலைக்காக 30 கிலோ ரெசின் வாங்கினேன். சரியாகக் கலந்தும் இரண்டு நாளாகியும் பிசுபிசுப்புப் போகவில்லை. கடைக்காரர் என் கை சரியில்லை என்கிறார். நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாமா? வியாபாரத்துக்கு வாங்கிய பொருள் என்றால் புகார் செல்லாது என்கிறார்கள்.

பதில்: முதலில் கடைக்காரர் சொல்வது சரியா என்று பாருங்கள். மெழுகு சேர்க்காத பாலியெஸ்டர் ரெசினின் மேற்பரப்பு காற்றுப்பட்டால் பிசுபிசுத்துத்தான் இருக்கும். அது கெட்டுப்போன அறிகுறி அல்ல, கடைசிப் பூச்சுக்கு மெழுகு கலந்ததை வாங்கியிருக்க வேண்டும். நகத்தால் அழுத்தினால் உள்ளேயும் மெத்தென்று இருக்கிறது என்றால்தான் சிக்கல். டின்னில் தயாரிப்புத் தேதியைப் பாருங்கள். ரெசினின் ஆயுள் மாதக் கணக்கில்தான், வெயில் காயும் கிடங்கில் இன்னும் குறையும்.

வியாபாரப் பொருள் என்ற வாதத்துக்கு அஞ்ச வேண்டாம். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் சுயதொழில் மூலம் பிழைப்பு நடத்துவதற்காகவே வாங்கிப் பயன்படுத்துபவரும் நுகர்வோர்தான். சொந்தப் படகில் தாமே கடலுக்குப் போகிறவர் இதில் வருவார், பத்துப் படகை வாடகைக்கு விடுபவர் வரமாட்டார். முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் செய்யுங்கள். தீராவிட்டால் இரண்டு ஆண்டுக்குள் மாவட்ட ஆணையத்துக்குப் போகலாம். கொடுத்த விலை ஐந்து லட்சத்துக்குள் என்றால் மனுவுக்குக் கட்டணம் இல்லை. ஆனால் பில் வேண்டும். பில் இருக்கிறது என்று நீங்கள் எழுதவில்லை.

கேள்வி: படகு வேலைக்கு எபாக்ஸி ரெசினா, பாலியெஸ்டர் ரெசினா?

பதில்: பழைய ஓட்டின் மேல் எபாக்ஸி உறுதியாகப் பிடிக்கும், விலையும் அதிகம். பின்பலகைபோல் பாரம் தாங்கும் ஒட்டுக்கு அது தகும். முழு அடிப்பகுதிக்கு அது காசைக் கடலில் போடுவது. எபாக்ஸியின் மேல் வெளிப்பூச்சான பாலியெஸ்டர் ஜெல் கோட் நன்றாகப் பிடிக்காது, அங்கே பெயிண்ட்தான் அடிக்க வேண்டும். சாதாரண மேட்டை எபாக்ஸியோடு சேர்க்காதீர்கள். அதைக் கட்டியிருக்கும் பசை, பாலியெஸ்டர் ரெசினில் இருக்கும் ஸ்டைரீன் என்ற கரைப்பானில்தான் கரையும், எபாக்ஸியில் ஸ்டைரீன் இல்லை. நெய்த துணியாகக் கேளுங்கள். மிதப்புக்குத் தெர்மோகோல் வைப்பவர்களுக்கு இதன் மறுபக்கம்: அதன் மேல் பாலியெஸ்டர் ரெசின் நேரடியாகப் பட்டால் தெர்மோகோல் கண்ணெதிரே உருகிப்போகும்.