‘என்னால்தான் வந்தது’ என்று மருகும் அம்மாவுக்கு

கேள்வி: குடியாத்தம் அருகே ஒரு கிராமத்தில் வசிக்கிறேன். கணவர் லுங்கி நெசவு செய்கிறார். 11 வயது மகனுக்கு டுஷென் தசைச் சிதைவு நோய். போன ஆண்டு கெங்கையம்மன் சிரசுத் திருவிழாவுக்கு என் கையைப் பிடித்துக்கொண்டு நடந்து வந்தவன், இந்த ஆண்டு சக்கர நாற்காலியில் இருக்கிறான். நோய் தெரிந்த நாளில் அழுததைவிட இப்போதுதான் அதிகம் அழுகிறேன். தாய் வழியாக வருவது என்று டாக்டர் சொன்னதிலிருந்து மாமியார் என்னையே குற்றம் சொல்கிறார். அவர் என் சொந்த அத்தைதான். அத்தை மகனைக் கட்டியதால் வந்ததோ என்றும் மனம் அரிக்கிறது. ‘மறுபடி எப்போது நடப்பேன்?’ என்று மகன் கேட்டால் என்ன சொல்வது? என் தங்கைக்கு வரன் பார்க்கிறார்கள். அவளிடம் இதைச் சொல்லலாமா?

பதில்: அத்தை மகனைக் கட்டியதால் இந்த நோய் வரவில்லை. நெருங்கிய உறவில் மணம் முடித்தால் சில மரபு நோய்களுக்கு வாய்ப்பு கூடும் என்பது உண்மை. அவற்றில் தாய், தந்தை இருவரிடமிருந்தும் பழுதான மரபணு வந்து சேர வேண்டும். டுஷென் அந்த வகை இல்லை. தசைக்குத் தேவையான டிஸ்ட்ரோபின் என்ற புரதத்தை உருவாக்கும் மரபணு எக்ஸ் குரோமோசோமில் இருக்கிறது. அதில் பழுது வந்தால்தான் இந்த நோய். ஆண் பிள்ளைக்கு ஒரே ஒரு எக்ஸ்தான். அது அம்மாவிடமிருந்து வருவது. நீங்கள் முன்பின் தெரியாத ஒருவரை மணந்திருந்தாலும் கணக்கு இதுதான்.

சரி, அப்படியானால் பழி அம்மாவுடையதா? இந்த நோயுள்ள பிள்ளைகளில் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்கு, அம்மாவிடம் இல்லாத பழுது புதிதாக உண்டாகியிருக்கும். ‘தாய் வழி’ என்று சொல்லும்போதே டாக்டர்கள் இதையும் சேர்த்துச் சொல்லிவிட்டால் பல வீடுகளில் பாதிச் சண்டை குறையும் என்பது என் எண்ணம். உங்கள் ரத்தத்தைச் சோதித்தால் நீங்கள் அந்தப் பழுதான மரபணுவைச் சுமப்பவரா என்பது தெரியும். சுமப்பவராகவே இருந்தாலும் அது நீங்கள் தேர்ந்தெடுத்ததில்லை. ஆனால் ஒரு காரியம் செய்தாக வேண்டும்: சுமக்கும் பெண்களில் சிலருக்கு இதயத் தசை பலவீனமாகலாம். மகனுக்கு எக்கோ (இதய ஸ்கேன்) எடுக்கப் போகும்போது உங்களுக்கும் ஒன்று எடுக்கச் சொல்லிக் கேளுங்கள்.

அத்தையிடம் நீங்களே வாதாட வேண்டாம். அடுத்த முறை டாக்டரைப் பார்க்கப் போகும்போது அவரையும் அழைத்துச் செல்லுங்கள். மருமகள் சொன்னால் சாக்கு, டாக்டர் சொன்னால் விஷயம். நம் வீடுகளில் அப்படித்தான்.

இனி, அழுகை. அறிவு வளர்ச்சி குன்றிய பிள்ளைகளின் பெற்றோரைப் பற்றி அமெரிக்கரான சைமன் ஓல்ஷான்ஸ்கி 1962-ல் ஒரு கட்டுரை எழுதினார். அந்தப் பெற்றோரின் துயரம் ஒரு தடவையில் தீர்ந்துவிடாது, அது நோயுமில்லை, ‘ஏற்றுக்கொள்’ என்று அவர்களை நெருக்குவது தவறு என்றார் அவர். படிப்படியாக முற்றும் நோயில் இது இன்னும் பொருந்தும். நோயின் பெயரைக் கேட்ட நாளில் ஒரு துக்கம், நடை நின்றபோது இன்னொன்று. நாளை தட்டிலிருந்து வாய்க்குக் கை உயராதபோது மற்றொன்று வரும். நீங்கள் பலவீனமானவர் என்பதால் மறுபடி அழவில்லை. மறுபடி ஒன்றை இழந்திருக்கிறீர்கள். ‘தைரியமாக இரு’ என்பவர்களுக்குத் தலையாட்டிவிட்டு நகருங்கள். அடுத்த படி எது, ஏறக்குறைய எப்போது என்று டாக்டரிடம் முன்கூட்டியே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். அந்த நாட்களில் உங்கள் அம்மாவோ தங்கையோ வந்து தங்கும்படி ஏற்பாடு செய்யுங்கள். முன்பே தெரிந்திருந்தாலும் வலிக்கும், ஆனால் தனியாகச் சிக்கிக்கொள்ள மாட்டீர்கள்.

தூக்கத்தைப் பற்றி நீங்கள் எழுதவில்லை. ஆனாலும் கேட்கிறேன். நடை நின்ற பிள்ளைகளால் இரவில் தானாகப் புரண்டு படுக்க முடியாமல் போகும். “அம்மா, திருப்பி விடு” என்று மூன்று நான்கு முறை குரல் வரும். மாதக்கணக்கில் இப்படி எழுந்தால் யாருக்கும் உலகமே இருண்டுதான் தெரியும். மனச்சோர்வு என்று நாம் பெயர் வைப்பதில் ஒரு பங்கு வெறும் தூக்கமின்மைதான். இரவை இரண்டாகப் பிரித்து, இரண்டு மணி வரை கணவர், பிறகு நீங்கள் என்று முறை வையுங்கள். தறியில் குனிந்தபடி பேசாமலே இருக்கும் அப்பாக்களுக்கும் துக்கம் உண்டு. அவர்களுக்கு ஆறுதல் வார்த்தையைவிட ஒரு பொறுப்பு உதவும். மகனின் இடுப்புக்கடியில் வழவழப்பான துணி ஒன்றை விரித்தால் திருப்புவது சுலபம். முழங்கால்களுக்கு நடுவே ஒரு தலையணை வையுங்கள். அவன் திடீரென்று அடிக்கடி விழித்தாலோ, காலையில் தலைவலி என்றாலோ, இரவில் மூச்சு போதாமல் இருக்கலாம். டாக்டரிடம் உடனே சொல்ல வேண்டிய விஷயம் இது.

மகனின் கேள்விக்கு வருவோம். ‘அடுத்த வருடம் சரியாகிவிடும்’ என்று சொல்லாதீர்கள். 11 வயதுப் பிள்ளைக்குத் தன் உடம்பைப் பற்றி நாம் நினைப்பதைவிட அதிகம் தெரியும். பொய் சொன்னால் கேட்பதை நிறுத்திவிடுவான், பயத்தைத் தனக்குள் வைத்துக்கொள்வான். “கால் தசையில் பலம் குறைந்துவிட்டது, மறுபடி நடப்பது கடினம். நீ எந்தத் தப்பும் செய்யவில்லை. சிரசு பார்க்க நாற்காலியில் போவோம்” என்று சொன்னால் போதும். கேட்டதற்கு மட்டும் பதில். கேட்காததை அவிழ்க்க வேண்டாம். அவன் முன்னால் கண் கலங்கினால் முகத்தைத் திருப்பிக்கொள்ளாமல், “அம்மாவுக்கும் வருத்தமாக இருக்கிறது” என்று சொல்லிவிடுங்கள்.

வேண்டுதலை நான் தடுக்க மாட்டேன். ஸ்டெம் செல் ஊசி போட்டால் எழுந்து நடப்பான் என்று லட்சங்களில் பேசுபவர்களிடம் மட்டும் போகாதீர்கள். இந்த நோய்க்கு அது அங்கீகரிக்கப்பட்ட சிகிச்சை இல்லை. இந்த நோய்க்கு டாக்டர் தரும் ஸ்டீராய்டு மாத்திரையால் முகம் உப்பியிருக்கிறது என்று உறவினர் சொன்னார்கள் என்பதற்காக அதைத் திடீரென நிறுத்துவதும் ஆபத்து.

பண உதவிக்கு: தசைச் சிதைவு நோய், 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் பட்டியலில் இருக்கிறது. வேலூர் சத்துவாச்சாரியில் கலெக்டர் அலுவலகத்தில் விசாரித்தால் அடையாள அட்டைக்கும் மாத உதவித்தொகைக்கும் வழி சொல்வார்கள்.

தூங்க வாய்ப்பிருந்தும் தூக்கம் வராமல், சாப்பாடு இறங்காமல் இரண்டு வாரம் கடந்தால் மனநல மருத்துவரைப் பாருங்கள். அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. பாகாயத்தில் சி.எம்.சி. மனநல மையமும் இருக்கிறது. குடும்பத்தையும் உடன் வைத்துச் சிகிச்சை தரும் வழக்கம் அங்கே பல காலமாக உண்டு. ‘நான் போனால் இவனையும் கூட்டிக்கொண்டு போய்விட வேண்டும்’ என்ற எண்ணம் ஒருமுறை தலைகாட்டினாலும் இரண்டு வாரம் காத்திருக்காதீர்கள். அன்றைக்கே வீட்டில் ஒருவரிடம் சொல்லிவிட்டு 14416 எண்ணுக்குப் பேசுங்கள். அரசின் இலவச எண், தமிழில் பேசலாம். இந்த எண்ணம் பல அம்மாக்களுக்கு வருவதுதான், வெட்கப்பட வேண்டியதில்லை.

கடைசியாக, தங்கை. சொல்லுங்கள். வரன் தட்டிப்போகும் என்று மறைத்துவிட்டு, அவள் கருவுற்ற பிறகு சொல்வது அவளுக்குச் செய்யும் அநியாயம். ஊருக்குச் சொல்ல வேண்டியதில்லை, அவளுக்குச் சொன்னால் போதும். முதலில் உங்கள் சோதனை முடிவு வரட்டும். நீங்கள் சுமப்பவர் என்றால் அவளும் மரபணு ஆலோசனைக்குப் போக வேண்டும். உங்களுக்கு இல்லை என்று வந்தால் அவளுக்குச் சோதனை தேவையா என்பதை ஆலோசகரே சொல்வார். மகனின் மரபணு அறிக்கை நகலை அவளிடம் கொடுத்தனுப்புங்கள். எந்தப் பழுதைத் தேட வேண்டும் என்பது அதில்தான் எழுதியிருக்கும்.