கிரேக்க, ரோமானிய இயந்திரங்கள்: கேள்வி பதில்

கேள்வி: காசு போட்டால் தண்ணீர் தரும் இயந்திரம் அன்றே இருந்ததாமே?

பதில்: அலெக்சாண்டிரியாவைச் சேர்ந்த ஹெரோன் கி.பி. முதல் நூற்றாண்டில் எழுதிவைத்திருக்கிறார். 5 திராக்மா நாணயம் ஒரு தட்டில் விழும். அதன் எடையில் தட்டு தாழ, நெம்புகோலின் மறுமுனை அடைப்பைத் தூக்கும். கோயிலுக்கு வந்தவர் கையில் நீர் கொட்டும். காசு சறுக்கி விழுந்ததும் அடைப்பு மூடிக்கொள்ளும்.

கேள்வி: அதே ஹெரோன் நீராவியில் சுழலும் உருண்டையையும் விவரித்தார். பிறகு ஏன் நீராவி எஞ்சின் வரவில்லை? அடிமைகள் இருந்ததால் தேவைப்படவில்லையா?

பதில்: அந்த விளக்கத்தை நான் ஏற்பதில்லை. ரோமானியர் உழைப்பை மிச்சப்படுத்த விரும்பாதவர்கள் என்றால், தெற்குப் பிரான்சின் பார்பெகாலில் மலைச்சரிவில் 16 நீர்ச்சக்கரங்களை வைத்து ஏன் மாவு அரைத்தார்கள்? ஹெரோனின் உருண்டை வெறுமனே சுழலும். பாரம் இழுக்கும் வலு அதற்கு இல்லை. நீராவி எஞ்சினுக்கு வேண்டிய உருளையும் உந்துதண்டும் அன்றைய நீர் இறைக்கும் பம்பில் இருந்தன. அழுத்தம் தாங்கும் கொதிகலன்தான் இல்லை.

கேள்வி: நான் கைக்கடிகாரம் பழுது பார்ப்பவன். கிரேக்கத் தீவருகே மூழ்கிய கப்பலில் கிடைத்த பற்சக்கரக் கருவியான ஆன்டிகிதெரா இயந்திரம் நிலாவின் இடத்தைக் காட்டியது என்கிறார்கள். பற்சக்கரம் சீராகச் சுற்றும். நிலா அப்படி ஓடாதே ஐயா?

பதில்: நீங்கள் கை வைத்த இடம்தான் அந்த இயந்திரத்தின் உயிர்நாடி. பூமியை நெருங்கும்போது நிலா விரைவாகவும், விலகும்போது மெதுவாகவும் ஓடும். அதற்காக ஆளுக்கு 50 பற்கள் கொண்ட இரண்டு சக்கரங்களை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்தார்கள். ஒன்றில் சிறு முளை, மற்றதில் நீள்துளை. இரண்டின் மையங்களும் ஒரு மில்லிமீட்டருக்குச் சற்று அதிகமாக விலகியிருக்கின்றன. முதல் சக்கரம் சீராகச் சுற்றும். முளை நீள்துளைக்குள் முன்னும் பின்னும் நகரும். துளையுள்ள சக்கரத்தின் மையத்தை முளை நெருங்கும்போது அந்தச் சக்கரம் வேகமெடுக்கும், விலகும்போது தளரும். நிலா முள் அதைப் பின்பற்றும்.

இந்த ஜோடி 223 பற்கள் கொண்ட பெரிய சக்கரத்தின்மேல் சவாரி செய்கிறது. 223 சந்திர மாதங்களுக்கு ஒருமுறை கிரகணங்கள் அதே வரிசையில் திரும்பும். எண்ணைத் தேர்ந்ததே அதற்காகத்தான். இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன், வெண்கலத் தகட்டில், கையால்! ஒவ்வொரு முறை படிக்கும்போதும் எனக்குச் சிலிர்க்கிறது.

கேள்வி (மீண்டும் அதே வாசகர்): பற்கள் நம் கடிகாரத்தில் இருப்பதுபோல் வளைந்தவையா?

பதில்: இல்லை, நேர்க்கோட்டு முக்கோணங்கள். உங்கள் பட்டறையிலேயே அரத்தால் ராவிவிடலாம். அந்த முளை ஜோடியை மட்டும் முதலில் செய்து பாருங்கள். மையங்களின் விலகலைக் கூட்டிக் குறைத்தால் முள்ளின் ஓட்டம் மாறுவது கண்ணுக்கே தெரியும்.